எங்களுக்குக் கச்சான் வேண்டாம்

யாழ்ப்பாணத்தில் ஒருவர் வலிய வந்து நன்மை செய்தால், அதில் அவருக்கு என்ன லாபம் என்று முதலில் யோசிக்க வேண்டும். இது எங்கள் வீட்டில் எழுதப்படாத சட்டம். பக்கத்து வீட்டுக்காரர் பலாப்பழத்தில் பாதியைக் கொண்டுவந்து தந்தால், அப்பா "சந்தோசம், சந்தோசம்" என்று இரண்டு கையாலும் வாங்குவார். அவர் வாசல் படலையைத் தாண்டியதும் வேலிக்கரைக்குப் போய், கதியால் தடி ஏதும் எங்கள் பக்கம் நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். (ஒரு தடவை உண்மையாகவே நகர்ந்திருந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் பலாப்பழத்தை நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை.)

அந்த அப்பாவின் மகள் நான். உரும்பிராய்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆசிரியை நியமனம் கிடைத்து, மூன்றாம் வகுப்பைக் கையில் தந்தபோது, இந்தப் பரம்பரைச் சொத்தையும் கூடவே கொண்டுபோனேன். பென்சிலைக் காணவில்லை என்று ஒரு பிள்ளை அழுதால் முழு வகுப்பையும் எழுப்பிச் சட்டைப்பை பார்ப்பேன். கடைசியில் பென்சில் என் கொண்டைக்குள் இருக்கும்.

சுற்றாடல் பாடத்தில் திசைகள், மண்வகைகள், வரைபடம் என்று ஒரு பகுதி வரும். எங்கள் பிள்ளைகள் செம்மண்ணில் பிறந்து செம்மண்ணில் புரண்டவர்கள். வெங்காயத்துக்கு எப்போது தண்ணீர் இறைக்க வேண்டும் என்று சொல்வார்கள். கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டதற்கு, பாதிப் பேர் பஸ் வருகிற திசையைக் காட்டினார்கள். இத்தனைக்கும் வானில் (எங்கள் ஊரில் வேனுக்கு அந்தப் பெயர்) ஏறினால் கொஞ்ச நேரத்தில் கடல். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இவர்களை மயிலிட்டித் துறைமுகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், கரையில் இருத்தி, அங்கேயே வரைபடம் கீறவைக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

எங்கள் பள்ளிக்கூடத்து அதிபர் உடனே சம்மதிக்கவில்லை. அவருடைய தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. போன வருஷம் ஒரு வகுப்பைக் கோயில் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனபோது, ஒருவன் கச்சான் ஒன்றை மூக்குக்குள் விட்டுவிட்டான். (வெளியூர் வாசகர்களுக்கு: எங்கள் ஊரில் கச்சான் என்றால் நிலக்கடலை.) அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் அதிபர். அங்கே வரிசையில் நின்ற சனமெல்லாம் அவரைப் பிள்ளையின் தகப்பன் என்று நினைத்து, பிள்ளை வளர்ப்பது எப்படி என்று வகுப்பெடுத்தார்களாம். அந்த அவமானம் மனிதரை விட்டுப் போகவேயில்லை.

"கூட்டிக்கொண்டு போங்கோ," என்றார் கடைசியில். "ஆனா ஒண்டு. பிள்ளையளின்ரை கண்ணிலை கச்சான் படக்கூடாது. வானுக்குள்ளை ஒரு கச்சான் கோது கிடந்தாலும், இந்தப் பள்ளிக்கூடத்திலை சின்ன வகுப்புகளுக்கு இனிப் பயணமே இல்லை. விளங்குதோ?"

நன்றாகவே விளங்கியது. எங்கள் வகுப்பு ஆரணி தண்ணீர்ப் போத்தலைக் கழுத்தில் மாட்டியபடியே நித்திரை கொள்கிறாள் என்று அவள் தாய் வந்து சொல்லியிருந்தார். எங்களுக்குப் பிறகு போவதற்கு இரண்டாம் வகுப்பும் நாலாம் வகுப்பும் காத்துக்கொண்டிருந்தன. அத்தனை பேருடைய பயணமும் ஒரு கச்சான் கோதில் தொங்கியது. அந்த நிமிஷத்திலிருந்து உலகத்தில் உள்ள எல்லாரையும் கச்சான் வியாபாரியாகவே பார்க்கத் தொடங்கினேன்.

ஆயத்தம் பலமாகத்தான் இருந்தது. பிள்ளைகள் சிதறாமல் நடக்க எங்கள் வீட்டு மாட்டுக் கயிற்றில் இடைவிட்டு இடைவிட்டு முடிச்சுப் போட்டேன். ஒரு முடிச்சுக்கு ஒரு பிள்ளை. நாலு திசைக்கும் நட்டுவைக்க, நாலு நிறத் துணி கட்டிய நாலு தடி. ஆளுக்கொரு மட்டை, அதில் செருகிய வெள்ளைத் தாள், வர்ணப் பென்சில்.

வான் ஓட்டியவர் நேசன் அண்ணை. தெல்லிப்பழை தாண்டியதும் கண்ணாடியால் என்னைப் பார்த்து, "ரீச்சர், ஒரு இடத்திலை சும்மா நிப்பாட்டுவமோ?" என்றார்.

"ஏன்?"

"சும்மாதான்."

சும்மா யாராவது நிறுத்துவார்களா? இவருடைய மச்சானோ மாமனோ அந்த இடத்தில் கச்சான் கடை வைத்திருப்பார் என்று உடனே கண்டுபிடித்துவிட்டேன். "ஒரு இடத்திலையும் நிக்கக் கூடாது, நேரை விடுங்கோ," என்றேன். மனிதர் முகம் வேர்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். மயிலிட்டியில் வானை நிறுத்தியதுதான் தாமதம், கதவையும் சாத்தாமல் ஒரு பற்றையை நோக்கி ஓடினார். (பாவம், அவருக்கு இருந்தது வேறு அவசரம்.)

கடலைக் கண்டதும் பிள்ளைகள் வாயடைத்து நின்றார்கள். வகுப்பில் நான் தொண்டை கிழியக் கத்தியும் கிடைக்காத அமைதி அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆரணிதான் முதலில் வாய் திறந்தாள்.

"ரீச்சர், இதுக்கு வேலி இல்லையோ?"

"கடலுக்கு வேலி இல்லை அம்மா."

"அப்ப இது ஆரின்ரை காணி?"

காணி என்ற சொல் விழுந்ததும், கொஞ்சம் தள்ளி மீன்பிடிக்காரரின் வாடிக் கொட்டில் வாசலில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்தார். இடுப்பில் சாரம், வெறும் மேல், கழுத்தில் ஒரு சிலுவை, மடியில் பிள்ளை மாதிரி வண்டி வயிறு. அவர் பெயர் அருளப்பு என்று பிறகு தெரிந்துகொண்டேன். பல காலம் இராணுவத்தின் பிடியில், சனம் கால் வைக்க முடியாமல் கிடந்த கரை அது. அவருடைய காணி விடுபட்டு, அவர் அதில் வீடு போட்டு, ஓட்டின் சிவப்புக்கூட இன்னும் மங்கவில்லை. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு தடித்த மனிதர் எங்களை வைத்த கண் வாங்காமல் பார்க்கிறார் என்பதுதான்.

அவருடைய கண்ணால் பார்த்தால் காட்சி எப்படி இருந்திருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன். முன்பின் தெரியாத ஒரு பெண் வானில் வந்து இறங்குகிறாள். முடிச்சுப் போட்ட கயிற்றை நீட்டிப் பிடிக்கச் சொல்கிறாள். நாலு மூலையிலும் துணி கட்டிய தடி நடுகிறாள். பிறகு ஒரு கூட்டமே குந்தியிருந்து கரையைப் படம் கீறுகிறது. நான் அவராக இருந்திருந்தால் அப்போதே பொலிசுக்குப் போயிருப்பேன்.

அவர் எழும்பி வந்தார்.

"ஆர் நீங்கள்? எந்த அரசாங்கக் கந்தோர்?"

"கந்தோர் இல்லை ஐயா, பள்ளிக்கூடம்."

"பள்ளிக்கூடத்துக்கு ஏன் கயிறு?"

"பிள்ளையள் பிடிச்சுக்கொண்டு நடக்க."

"தடி?"

"திசை காட்ட."

"திசை காட்டச் சூரியன் இருக்குதெல்லே? சரி, உந்தப் படமெல்லாம் கீறி ஆரிட்டைக் குடுப்பியள்?"

"அதிபரிட்டை."

மனிதரின் முகம் கறுத்துவிட்டது. நான் சொன்னது எங்கள் பள்ளிக்கூடத்து அதிபரை. அவருக்குக் கேட்டது கச்சேரி என்கிற மாவட்டச் செயலகத்தில் இருந்து காணி விஷயம் பார்க்கிற அரசாங்க அதிபரை. திரும்பிப் போனார். போகும்போது தன் வீட்டை ஒரு தரம் பார்த்தார், தடியை ஒரு தரம் பார்த்தார்.

நான் என்ன நினைத்தேன்? ஆள் எதற்கோ வேவு பார்க்கிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். இந்தத் தடவை முகம் முழுக்கச் சிரிப்பு. எனக்கு உள்ளுக்குள் மணி அடித்தது. பலாப்பழம் கொண்டுவருகிறவர்களின் சிரிப்பு அது.

"ரீச்சர், உங்கை இருக்காதேங்கோ. கச்சான் வரப்போகுது," என்றார்.

பார்த்தீர்களா! நான் சந்தேகப்பட்டது சரி. நான் நிமிர்ந்து நின்று, கண்டிப்பாகச் சொன்னேன்:

"எங்களுக்குக் கச்சான் வேண்டாம்."

அவர் திகைத்துப்போனார். "வேண்டாமெண்டா? வேண்டாமெண்டா அது நிக்குமே?"

"நீங்கள் சொன்னா நிக்கும்."

"நான் சொன்னா நிக்கிறதுக்கு, நான் என்ன அந்தோனியாரே?"

"உங்களுக்குத் தெரியாமலே வருது?"

"எனக்குத் தெரியிறபடியாத்தானே சொல்லுறன்! உந்தச் சின்னனுகள் கச்சானுக்குத் தாங்காதுகள்."

"அது எங்களுக்கும் தெரியும். போன வருசம் ஒருத்தன்ரை மூக்குக்குள்ளை போய், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது."

"மூக்குக்குள்ளை மட்டுமே?" என்றார் அவர். "கண்ணுக்குள்ளை, காதுக்குள்ளை, வாய்க்குள்ளை எல்லாத்துக்குள்ளையும் போகும்!"

எவ்வளவு துணிச்சல்! சின்னப் பிள்ளைகளின் காதுக்குள் கச்சான் போகும் என்று தெரிந்துகொண்டே விற்கிற மனிதனை நான் அதுவரை கண்டதில்லை.

"எந்தப் பக்கத்தாலை வருது?" என்று கேட்டேன். வருகிற வழியிலேயே மறித்துத் திருப்பிவிடலாம் என்று எண்ணம்.

"மேற்காலை."

இதற்கிடையில் ஆரணியின் காது வேலை செய்துவிட்டது. "டேய், கச்சான் வருதாம்!" என்று அவள் ஒரு குரல் கொடுத்தாள். வகுப்பறையில் நான் ஒரு தவணையாகச் சொல்லியும் வரிசையில் நிற்காத பிள்ளைகள், மட்டைகளை மணலில் போட்டுவிட்டு நூல் பிடித்தாற்போல் வரிசையாக நின்றார்கள். சிலர் கையை ஏந்திக்கொண்டும் நின்றார்கள். பற்றையிலிருந்து நிம்மதியாகத் திரும்பி வந்த நேசன் அண்ணை, "எல்லாரும் வானிலை ஏறுங்கோ" என்று கத்தினார். ஒருவரும் அசையவில்லை. கச்சான் வரும்போது யார் வானில் ஏறுவார்கள்?

நான் மேற்கே பார்த்தேன். தெருவில் ஒருவர் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். சைக்கிளின் பின்னால் ஒரு பெட்டி.

"பிள்ளையள், கயிறைப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ, ஆரும் ஆடக்கூடாது!" என்று சொல்லிவிட்டு, அவர்களை நேசன் அண்ணையிடம் பொறுப்புக் கொடுத்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். சைக்கிளுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றேன். அந்த மனிதர் பயந்துபோய்க் காலை ஊன்றினார்.

"பெட்டியைத் திறவுங்கோ!"

"என்ன ரீச்சர், சூடையோ வேணும்?"

"கதை விடாதேங்கோ. கச்சான் எங்கை?"

அவர் என்னைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "அது வரேக்கை வரும் ரீச்சர்," என்றார் மிகவும் பணிவாக. விசர் பிடித்தவர்களுடன் பேசும்போது குரலில் வருகிற பணிவு அது. நான் விடவில்லை. பெட்டியின் மூடியை நானே தூக்கித் தலையை உள்ளே விட்டேன். சூடை மீன். அதற்கு அடியில் ஐஸ். ஐஸுக்கு அடியிலும் கையை விட்டுப் பார்த்தேன். (சந்தேகம் என்றால் முழுதாகச் சந்தேகப்பட வேண்டும்.)

என் தலை பெட்டிக்குள் இருக்கும்போதுதான் கச்சான் வந்தது.

முதலில் மூடி வந்து என் பிடரியில் அடித்தது. நிமிர்ந்து பார்த்தால் தெருவைக் காணவில்லை. மேற்கிலிருந்து மணல் கிளம்பி அலையலையாக வந்தது. நான் நட்டுவைத்த நாலு தடிகளும் பிடுங்கிக்கொண்டு, வடக்கும் தெற்கும் கிழக்கும் மேற்குமாக நாலு திசையும் ஒரே திசையில் பறந்தன. அவற்றின் பின்னால் வெள்ளைத் தாள்கள், தொப்பிகள், சாப்பாட்டுப் பெட்டி மூடிகள், என் குடை. பிள்ளைகளின் அழுகைச் சத்தம் கேட்டது, பிள்ளைகள் தெரியவில்லை. பக்கத்தில் கடல்.

இந்த இடத்தில் நான் பகிடி விட மாட்டேன். அந்த நேரம் எனக்குக் கால் கை ஓடவில்லை. பெற்ற தாய்மார் நம்பித் தந்த பிள்ளைகள். "கடவுளே, கயிறை விட்டிடாதேங்கோ" என்று கத்திக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடியபடி, காற்றின் குறுக்கே ஓடினேன். கயிறு என் வயிற்றில் தட்டுப்பட்டது. தடவிப் பார்த்தால் ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு சின்னக் கை. கயிற்றின் நடுவில் நேசன் அண்ணை. ஒரு நுனியை யாரோ இழுத்துக்கொண்டு போனார்கள். இழுத்தவர் அருளப்பு. மாட்டை இழுப்பதுபோல் எங்கள் எல்லாரையும் இழுத்துக்கொண்டு போய்த் தன் வாடிக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்.

நான் தலைகளை எண்ணினேன். எண்ணியது சரியாக வந்தும் நம்பிக்கை வராமல் மறுபடி எண்ணினேன். பிறகு வலைக்குவியலின் மேல் இருந்து அழுதேன்.

"தொண்டை கிழியச் சொன்னனானெல்லே கச்சான் வருது எண்டு!" என்றார் அருளப்பு.

"எங்கை கச்சான்?" என்றேன் மூக்கைச் சிந்திக்கொண்டு. "மீன்தானே கிடந்தது!"

அவர் கதவிடுக்கால் வெளியே விரலை நீட்டினார். "உது என்ன? உதுதான் கச்சான்! மேல்காத்து!"

நேசன் அண்ணை சிரிக்கத் தொடங்கினார். வகுப்பில் நாலு காற்றுக்கும் புத்தகத்தில் உள்ள பெயரைச் சொல்லிக் கொடுத்து, சரியாகச் சொன்ன பிள்ளைக்கு நட்சத்திரம் போட்டவள் நான். வெங்காயத் தோட்டத்துக்குள் வளர்ந்தவளுக்குக் கச்சான் என்றால் மண்ணுக்குக் கீழே விளைவது. அது கடலுக்கு மேலேயும் விளையும் என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. பிள்ளைகளில் சிலர் இன்னும் கையை ஏந்தியபடிதான் இருந்தார்கள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா," என்றேன். "எங்களிலை அக்கறைப்பட்டுச் சொன்னதை நான் பிழையா விளங்கிப்போட்டன்."

அருளப்பு தலையைச் சொறிந்தார். "உண்மையைச் சொன்னா, அக்கறையிலை சொல்லேல்லை ரீச்சர். உங்களைக் கலைக்கத்தான் சொன்னனான். இண்டைக்கு உண்மையாவே வருமெண்டு எனக்கு எங்கை தெரியும்? வந்தோடனை எனக்கே நெஞ்சு திக்கெண்டு போட்டுது."

"ஏன் எங்களைக் கலைக்க வேணும்?"

"படம் கீறி அதிபரிட்டைக் குடுக்கப் போறமெண்டு நீங்கள்தானே சொன்னியள்? இப்பத்தான் காணி கையிலை வந்தது. திரும்பவும் அளக்க வந்திட்டாங்கள் எண்டு நினைச்சன்."

எந்த அதிபர் என்று நான் விளக்கியபோது, அவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டார். ஆரணி தன் சட்டைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தாள். அவள் ஒருத்தியின் வரைபடம் மட்டும் தப்பியிருந்தது. அருளப்பு அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடல், வள்ளம், நாய், கடலைவிடப் பெரிய வண்டி வயிற்றுடன் ஒரு மனிதர். நெடுநேரம் பார்த்தார். பிறகு முகம் மாறியது.

"இதிலை என்ரை வீட்டைக் காணேல்லையே?"

"அது உங்கடை வீடோ மாமா? நான் கடை எண்டு நினைச்சன்."

"கடையோ! பிள்ளை, போடு வீட்டை. ஓட்டைச் சிவப்பாப் போடு. வேலியும் போடு, நாலு பக்கமும் போடு."

தன் வீடு படத்தில் வந்துவிடுமோ என்று காலையில் பயந்த மனிதர், மத்தியானம் பக்கத்தில் குந்தியிருந்து வேலிக்குக் கதியால் எண்ணிப் போடவைத்தார். காற்று அடங்கும்வரை அந்த வேலைதான் நடந்தது. வேலி முடிந்ததும், "காத்தையும் போடு" என்றார். ஆரணி மேற்கே ஒரு அம்புக்குறி கீறிக் "கச்சான்" என்று எழுதினாள்.

பள்ளிக்கூட வாசலில் அதிபர் காத்துக்கொண்டு நின்றார். வானுக்குள் ஏறிச் சீற்றுக்கு அடியிலெல்லாம் குனிந்து பார்த்தார். ஒரு கோதும் இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு அவர் தலையெல்லாம் மணலாக, கண் சிவந்து இறங்கிய பிள்ளைகளைப் பார்த்து, சும்மா ஒரு கேள்வி கேட்டார்.

"கச்சான் ஒண்டும் இல்லைத்தானே?"

"இல்லை சேர், நல்லாக் கச்சான் அடிச்சது!" என்றாள் ஆரணி உற்சாகமாக. "கண்ணுக்குள்ளை, காதுக்குள்ளை எல்லாம் போட்டுது!"

அதிபர் ஓரடி கிட்ட வந்தார். "மூக்குக்குள்ளை?"

"எல்லாருக்கும் மூக்குக்குள்ளை போட்டுது சேர்!"

நான் வாய் திறப்பதற்குள் அதிபர் கந்தோருக்கு ஓடி ரோச் லைட்டுடன் வந்துவிட்டார். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, முகத்தை அண்ணாக்கப் பிடித்து, ஒவ்வொரு மூக்காக வெளிச்சம் அடித்துப் பார்த்தார். கூட்டிப்போக வந்த தாய்மார், ஏதோ புதுக் காய்ச்சல் பரவுகிறது என்று நினைத்து வாயைச் சேலையால் பொத்தினார்கள். "சேர், அது காத்து, காத்து!" என்று நான் பின்னால் நின்று கத்தினேன். "காத்தோ? மூச்சு எடுக்கினமோ?" என்று அவர் இன்னும் பதறினார். கடைசியில் ஆரணியின் படத்தைப் பிடுங்கி அவர் கண்ணுக்கு முன்னால் பிடித்து, அந்த அம்புக்குறியைக் காட்டினேன்.

அதிபர் படத்தைப் பார்த்தார். ரோச் லைட்டை அணைத்தார். அவர் சிரித்ததை நான் அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். இனிப் பயணம் இல்லை என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"அடுத்த முறை ரெண்டாம் வகுப்பைக் கூட்டிக்கொண்டு போங்கோ," என்றார். "ஆனா கச்சான் படக்கூடாது. ரெண்டு கச்சானும்."

அந்தப் பிள்ளைகள் இப்போது பெரிய வகுப்புகளில் இருக்கிறார்கள். வழியில் கண்டால் "கச்சான் ரீச்சர்" என்று தங்களுக்குள் சொல்லிவிட்டு, கேட்காத மாதிரி வணக்கம் சொல்வார்கள். மயிலிட்டிப் பயணம் மட்டும் நிற்கவில்லை. வருஷா வருஷம் ஒரு வகுப்பு அருளப்புவின் வீட்டைப் படம் கீறுகிறது. திரும்பும்போது அவர் என் கையில் ஒரு கடதாசிப் பை தருவார். "ரீச்சர், கச்சான் வந்திட்டுது," என்பார். உள்ளே சுடச்சுட வறுத்த கச்சான். "சந்தோசம், சந்தோசம்" என்று இரண்டு கையாலும் வாங்கி, வானில் பிள்ளைகளுக்குத் தெரியாமல் ஒளித்து, வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பேன்.

அப்பாவுக்கு இந்தக் கதை முழுதும் மனப்பாடம். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பார். ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் அந்தப் பையைக் கண்டதும் சிரிப்பை நிறுத்திவிடுவார். ஒரு கச்சானை உடைத்து, உள்ளே உற்றுப் பார்த்து, வாயில் போட்டுக்கொண்டு கேட்பார்:

"பிள்ளை, மயிலிட்டிப் பக்கம் எங்களுக்குக் காணி ஏதும் கிடக்கோ?"